மறைக்காடு என்ற பெயரும் பலகையில் ஏறட்டும்

வேதாரண்யம் நகராட்சித் தலைவர், உறுப்பினர்கள், ஆணையர் ஆகியோருக்கு வணக்கம்.

ஊரின் பெயரை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள் அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளியபோது நாடு முழுக்கப் பரவிய பெயர் வேதாரண்யம். 'திருவாரூர்த் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்று பெரியவர்கள் சொல்லிவரும் பெயரும் அதுதான். அது அப்படியே இருக்கட்டும். அதற்கு முந்தைய பெயரும் அந்தப் பெயர் வந்த வரலாறும் போகிற வருகிறவர் எல்லாரும் படிக்கும்படி ஊர் நடுவே எழுதி வைக்கப்பட வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடியபோது இது மறைக்காடு. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோயில் கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்கிறது பெரியபுராணம். கதவடைக்கப் பாடிய பதிகத்தின் முதல் அடியிலேயே மறை துதித்து வணங்கும் ஊர் என்று சம்பந்தர் சொல்லிவிடுகிறார். ஆக, பெயரிலுள்ள மறைக்கு வேதம் என்று பொருள் கொள்வது அன்றைக்கே வேரூன்றிவிட்டது. பிற்பாடு மறை வேதமாகி, காடு ஆரண்யமாகி, மறைக்காட்டுநாதர் வேதாரண்யேசுவரர் ஆனார். அம்பிகையின் 'யாழைப் பழித்த மொழியாள்' என்ற பெயராவது இன்றும் வழக்கில் இருக்கிறதே, அது எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்னொரு விளக்கமும் உண்டு. ஊர் முதலில் மரைக்காடாக இருந்தது, மரை என்பது மான் வகை, இடையின ரகரம் வல்லின றகரமாகத் திரிந்த பிறகுதான் வேதக் கதை வந்து சேர்ந்தது என்பார்கள். பக்கத்துக் கோடியக்கரையில் வெளிமான் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். அந்த மான்களுக்காகத்தான் 1967-ல் அங்கே சரணாலயமே அமைந்தது. ஆனால் தேவாரம் நமக்குத் தருவது வல்லின றகரம். அதோடு, சங்கப் பாடல்களில் மரை பெரும்பாலும் மலைச்சாரலில் மேயும் விலங்கு. வெளிமானோ சமவெளியில் திரிவது. அதனால் மரைக்காட்டை நான் ஓர் ஊகமாகவே எடுத்துக்கொள்கிறேன். அதுவும் பலகையில் இடம்பெறட்டும், ஆனால் ஊகம் என்று தெளிவாகக் குறித்து. பொதுப் பலகையில் இருப்பதைப் பிள்ளைகள் அப்படியே நம்பிப் படிப்பார்கள் அல்லவா?

காடு என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையில்லை. கோடியக்கரையின் காடு இன்றும் நிற்கிறது. அந்தப் பெயரில் உள்ள கோடியும் வெறும் சொல் அல்ல. தெற்கு நோக்கி வரும் கடற்கரை மேற்கே திரும்புகிற முனை அது. அங்கே கோயில் கொண்ட குழகரைப் பார்த்து, கடற்காற்று வந்து மோத இந்தக் கரையில் துணையில்லாமல் இருக்கிறீரே என்று சுந்தரர் மனம் கசிந்து கேட்டார். அவர் பாடிய காடும் கரையும் முனையும் இந்தப் பெயர்களுக்குள் அப்படியே இருக்கின்றன. தோப்புத்துறை, ஆறுகாட்டுத்துறை என்னும் பெயர்களைக் கேட்டாலே கடலோடு வாழ்ந்த ஊர்கள் என்று புரிந்துவிடும். தெருவுக்கும் நகருக்கும் புதுப்பெயர் சூட்டும்போது இப்படிப்பட்ட பழைய பெயர்கள் மேல் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

பலகையைக் கோயில் வாசலில் மட்டும் வைத்தால் போதாது. பேருந்து நிலையத்திலும் வையுங்கள். தோப்புத்துறைப் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவருக்கும், ஆறுகாட்டுத்துறையில் படகைக் கரையேற்றுகிறவருக்கும், உப்பளத்தில் வேலை பார்க்கிறவருக்கும் இந்தப் பெயரில் சம உரிமை உண்டு. தேவாரச் சான்று தனியாக, கோயில் கல்வெட்டுச் சான்று தனியாக, மரை பற்றிய ஊகம் தனியாக வரட்டும். மூன்றையும் கலந்து ஒரே கதையாக்கிவிட வேண்டாம்.

அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாசகம் தயாரானதும் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திய பிறகு கல்லில் பொறியுங்கள்.

அன்புடன்,
மறைக்காட்டை நேசிக்கும் ஒருவன்