கன்னத்துச் செல்லோடு தோலையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய அறிவியல் ஆசிரியர்களுக்கும் செய்முறைத் தேர்வாளர்களுக்கும்,

கன்னத்து உட்புறச் செல்லைப் பார்த்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்புகள் எல்லாம் வரைந்திருக்கும். மெத்திலின் நீலச் சாயம் இட்ட சிலைடில், பள்ளி நுண்ணோக்கியின் 400 மடங்கில், இவை எதுவும் தெரியாது. தெரிவது ஒழுங்கற்ற விளிம்பு, வெளிர்நீலச் சைட்டோபிளாசம், அடர்நீல உட்கரு, அவ்வளவுதான். கண்டதை வரைந்த பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்தவருக்கு முழு மதிப்பெண் போடுவது அநியாயம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

சிலைடு சரியாக அமையாததும் பிள்ளைகள் புத்தகத்தை நாடக் காரணம். வாயை இருமுறை கொப்பளிக்கச் சொல்லுங்கள்; இல்லையென்றால் காலையில் சாப்பிட்ட இட்லித் துணுக்கும் நீலமேறி நிற்கும். டூத்பிக்கின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை ஐந்தாறு முறை மெல்லத் தேய்த்தால் போதும். 100 மில்லி நீரில் 0.9 கிராம் உப்பு கரைத்த கரைசலைச் சிலைடில் ஒரு சொட்டு விட்டு, தேய்த்த முனையை அதில் கலக்குங்கள். 0.5 சதவீத மெத்திலின் நீலம் ஒரு சொட்டு, ஒரு நிமிடக் காத்திருப்பு, பிறகு கவர் சிலிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். தடாலென்று போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். தடித்த கறுப்பு விளிம்போடு வட்டமாக இருக்கும் அதைத்தான் பல பிள்ளைகள் செல் என்று வரைகிறார்கள். எல்லாமே நீலமாக இருந்தால் ஒரு ஓரத்தில் தண்ணீர் விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து இழுங்கள். வெளிச்சம் மிகுந்தாலும் செல் மறைந்துவிடும். நுண்ணோக்கியின் ஒளித்துளையைச் சுருக்குங்கள். ஒருவர் தொட்ட டூத்பிக்கை இன்னொருவர் தொடவே கூடாது. வேலை முடிந்ததும் அனைத்தும் பிளீச்சிங் கரைசலுக்குள் போகட்டும்.

அதே வகுப்பில் இன்னொரு சிலைடு செய்யலாம். எண்ணெய் தடவாத முன்கையில் நிறமற்ற செலோ டேப்பை அழுத்தி உரியுங்கள். முதல் துண்டில் அழுக்குதான் வரும், விட்டுவிடுங்கள். அதே இடத்தில் ஒட்டி எடுத்த இரண்டாவது துண்டை, சிலைடில் விட்ட ஒரு சொட்டு மெத்திலின் நீலத்தின்மேல் ஒட்டுப்பக்கம் கீழாக ஒட்டுங்கள். தட்டையான, பலகோணச் செதில்கள் தெரியும். உட்கரு மட்டும் இருக்காது.

"ஏன் சார் இதுல உட்கரு இல்ல?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். மேல்தோலின் அடியடுக்கில் பிரிந்து பெருகும் செல்கள் மேலேறும்போது கெரட்டின் என்ற கெட்டிப் புரதத்தால் நிறைந்து, உட்கருவை இழந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் செதிலாக உதிர்கின்றன. ஈரமான கன்னத்துப் படலத்தின் மேற்பரப்புச் செல் அப்படிக் கெட்டிப்படுவதில்லை. அதனால் அதில் உட்கரு தங்குகிறது.

அடியடுக்கைச் சொல்லும்போது தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் மெலனோசைட் செல்களையும் விடாதீர்கள். கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் மெலனின் துகள்களின் அளவும் வகையும் பரவலும்தான் வேறுபடுகின்றன. பக்கத்துச் செல்லுக்குப் போகும் அந்தத் துகள்கள் அதன் உட்கருவின்மேல் குடைபோலக் குவிந்து, புற ஊதாக் கதிரிலிருந்து டி.என்.ஏ.வைக் காக்கின்றன. நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யப்படும் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே என்ற அந்த ஒரு வரியைக் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

நாற்பது பேருக்கு நாற்பது டூத்பிக், 25 மில்லி சாயம், ஒரு செலோ டேப் சுருள் போதும். இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் கற்பிக்கும் சிலர்