குட்டை வரிசை

மச்சாகோஸ், கென்யா

அன்பு மகளே,

2027 ஆகஸ்டுத் தேர்தலில் நம் தொகுதியில் நிற்கப் போகிறாய் என்பதை உன் அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்லப் பயந்தாயாம். நீதிபதிகள் முன்னால் வராத பயம்! கோபம் ஆற இரண்டு நாள் ஆனது. இப்போது எழுதுகிறேன்.

2024 ஜூனில், நிதி மசோதாவை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்காக நீ நைரோபியில் காவல் நிலையம் காவல் நிலையமாக அலைந்தபோதே, நீ கோர்ட்டோடு நிற்க மாட்டாய் என்று எனக்குத் தோன்றியது. அப்பாதான் நம்பவில்லை.

1988-ஐப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. அப்போது இருந்தது கானு என்கிற ஒரே கட்சி. அதன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்குச்சீட்டு கிடையாது. பிடித்தவரின் படத்துக்குப் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். 'ம்லோலோங்கோ' என்போம். எனக்கு 24 வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். தலைமையாசிரியர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு மற்ற ஆசிரியர்களும் அங்கே போய் நின்றார்கள். நான் மற்ற வரிசைக்குப் போனேன். எங்கள் வரிசை பள்ளி வாசலைத் தாண்டிக் கொய்யா மரம் வரை நீண்டது. அவர்களுடையது கொடிக்கம்பத்தைக்கூட எட்டவில்லை. அந்தக் குட்டை வரிசைதான் ஜெயித்ததாக அறிவித்தார்கள். 70 சதவீதத்துக்கு மேல் என்று கணக்குச் சொன்னதால், பொதுத்தேர்தலில் போட்டியே இல்லாமல் அந்த வரிசையின் வேட்பாளர் எம்.பி. ஆகிவிட்டார். மறுபடி எண்ணுங்கள் என்று கேட்க எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நின்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு வரிசை ஏது?

இன்று காகிதம் இருக்கிறது: வாக்குச்சீட்டு, ஒவ்வொரு சாவடியிலும் எண்ணிக்கையை எழுதும் முடிவுப் படிவம். 2017-இல் ஜனாதிபதித் தேர்தலையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அன்று, நீ சட்டக் கல்லூரியிலிருந்து போன் செய்து என் காது கிழியக் கத்தினாய். ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட, எண்ணி முடியும் வரை உன் முகவர் சாவடியில் இருக்க வேண்டுமே! இருட்டியதும் யாரோ சப்பாத்தியும் கொஞ்சம் ஷில்லிங்கும் கொடுத்தால் எழுந்து போய்விடுகிறவனைத் தேர்ந்தெடுக்காதே. கூட்டத்தில் பேசுவதைவிட இந்த ஆட்களைத் தேடுவதற்கு அதிக நாள் ஒதுக்கு.

பணமும் கேட்பார்கள். சாவு வீடு, பள்ளிக் கட்டணம், தேவாலயக் கூரை என்று எல்லாவற்றுக்கும் ஹராம்பே, அதாவது ஊர் கூடிப் பணம் திரட்டுவது. சாவு வீட்டுக்குப் போ. பின் பெஞ்சில் உட்கார். பக்கத்து வீட்டுக்காரி கொடுக்கும் அளவுக்குக் கொடு. அதற்கு மேல் கொடுக்கத் தொடங்கினால், ஜெயித்த பிறகு அதை எங்கிருந்து எடுப்பாய்?

எங்கள் பள்ளிச் சாவடிக்கு முகவராக என் பெயரை எழுதிக்கொள். பிளாஸ்க்கில் டீயும் ஒரு போர்வையும் கொண்டுவருவேன். அப்பாவை எந்தச் சாவடிக்கும் போடாதே. 1988-இல் அவர் நின்றது குட்டை வரிசையில். சமையலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அம்மா