முட்டியை அழுத்துமுன்

அன்புள்ள குமரா,

கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம்.

பிசியோதெரபிக்கு வரும் நோயாளியின் தேய்ந்த முட்டியை மடக்க வைக்க எவ்வளவு அழுத்தலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் நீ மெதுவாக மடக்கிப் பார். முதலில் வருவது வலியா, இறுக்கமா? இறுக்கம் கையில் தட்டுவதற்கு முன்பே வலி வந்துவிட்டால் மூட்டைக் கையால் ஆட்டுவதை நான்கு படிகளாகப் பிரிக்கும் மெய்ட்லண்ட் முறையில் கிரேடு 1, 2 போதும். இறுக்கத்தைத் தொடாத ஆட்டம், நொடிக்கு இரண்டு மூன்று வீதம் ஒரு நிமிடம். பிறகு திரும்ப மடக்கிப் பார். இறுக்கமே தடை என்றால்தான் இறுக்கத்துக்குள் போகும் 3, 4. வலி மிகுந்த முட்டியில் 4-ஐப் போட்டால் தசை இறுகிக்கொள்ளும். நீ தசையோடுதான் மல்லுக்கட்டுவாய், மூட்டோடு அல்ல.

மடக்கலுக்குக் கீழ்க்கால் எலும்பைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து, தொடையின் கீழ்முனைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வை. முட்டி சுமார் 25 பாகை மடங்கியிருக்கட்டும். மூட்டு தளர்ந்திருக்கும் நிலை அது. உள்ளங்கையின் அடிப்பகுதியை மூட்டுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வை. இன்னும் இறங்கி எலும்பு முண்டின் மேல் வைத்தால் அந்த இடமே நோகும்; அவர் மூட்டு வலி என்பார், நீயும் நம்பிவிடுவாய். முழங்கையை நேராக வைத்து உடம்பின் எடையால் தள்ளு. வலி அடங்கியபின் இதையே மடக்கலின் கடைசி எல்லையில் செய். இறுக்கம் இருப்பது அங்கேதான்.

முட்டிச் சில்லைக் கீழே நகர்த்தினால் மடக்கலுக்கு உதவும், மேலே நகர்த்தினால் நீட்டலுக்கு. தொடைத்தசை தளராமல் சில்லு அசையாது. நகர்த்துகிறேன் என்று உள்ளே அமுக்கிவிடாதே, தேய்ந்த பரப்புகள் உரசும்.

நாம் மூட்டைப் பிடித்திருக்க நோயாளியே அசைக்கும் மல்லிகன் முறையில் கீழ்க்காலை உட்பக்கம் திருப்பிப் பிடித்தபடியே அவரை மடக்கச் சொல். பிடித்திருக்கும்போது வலி இருக்கவே கூடாது. இருந்தால் பக்கத்தையோ அழுத்தத்தையோ மாற்று. அப்போதும் வலித்தால் அந்த முட்டிக்கு அது வேண்டாம்.

எல்லோரும் மடக்கலைத்தான் துரத்துகிறோம். கடைசி 5, 10 பாகை நீளாத முட்டி நிற்கும்போதுகூடத் தொடைத்தசைக்கு ஓய்வு தராது. இதமாக இருக்கிறதென்று இரவெல்லாம் முட்டிக்கடியில் தலையணை வைப்பவர்களுக்கு இது கூடிக்கொண்டே போகும். குதிகாலடியில் துண்டு வைத்து முட்டியைத் தொங்கவிடு. ஹாம்ஸ்ட்ரிங் என்னும் தொடையின் பின்தசைக்கு 5 நொடி லேசாக எதிர்த்து அழுத்தச் சொல்லி, தளர்ந்ததும் 30 நொடி நீட்டு. முட்டிக்குப் பின்குழியின் நடுவில் விரலை ஊன்றாதே, ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே போகின்றன.

கிடைத்த அசைவை அன்றைக்கே உட்கார்ந்து எழும் பயிற்சியில் பயன்படுத்த வை, இல்லையென்றால் மறுநாள் பழைய இறுக்கம்தான். கூடிய வலி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அடுத்த முறை அளவைக் குறை. முட்டி சிவந்து சுட்டாலோ, கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ கை வைக்காமல் மருத்துவரிடம் அனுப்பு.

நீ எழுதியிருந்த அந்த அம்மாவுக்கு மடக்கல் அளவு மட்டும் குறித்திருக்கிறாய். நீட்டலையும் கோணமானியில் அளந்து எழுது. அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வம்