பழைய பத்திரிகையில் கிடைத்த சொல்

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். மகள் முனைவர் பட்டம் வாங்கிய செய்தியால் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஒரு சொல் முதலில் அச்சில் வந்ததாக ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி காட்டும் ஆண்டுக்கும் முந்தைய செய்தித்தாளில் அந்தச் சொல்லைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். அவசியம் ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பு. அதற்கு முன் பக்கத்தின் படத்தை உன் கண்ணால் பார்த்துவிடு. கணினி படித்துக் கொடுக்கும் எழுத்தை நம்பாதே. பதினெட்டாம் நூற்றாண்டு அச்சிலுள்ள நீண்ட ‘எஸ்’ஸை அது ‘எஃப்’ என்று படிக்கும். அடுத்த பத்தியின் வரியை ஒட்டி இல்லாத சொல்லையே உண்டாக்கிவிடும். வரிக்கடைசியில் சொல் உடைந்திருந்தால், அந்தச் சிறுகோடு சொல்லுக்கு உரியதா, அச்சுக்கோத்தவர் போட்டதா என்று சொல்ல முடியாது.

முழு வாக்கியத்தையும் எழுது. பத்திரிகைப் பெயர், நாள், பக்கம், பத்தி எண் நான்கும் வேண்டும். ஒரே ஏஜென்சிச் செய்தி ஐம்பது பத்திரிகைகளில் வந்திருந்தாலும் அது ஒரு சான்றுதான்.

சொல்லைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் கவனி. ‘ஓகே’யை எடுத்துக்கொள். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் அதை அச்சிட்டபோது, பக்கத்திலேயே ‘ஆல் கரெக்ட்’ என்று விளக்கமும் போட்டது. வாசகருக்கு அது பழகாத சொல் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அமெரிக்கச் சொல்லாய்வாளர் ஆலன் வாக்கர் ரீட் 1960களில் இந்த வரியை எடுத்துக்காட்டும்வரை ‘ஓகே’யின் பிறப்பைப் பற்றி எத்தனை கட்டுக்கதைகள்! விளக்கமும் மேற்கோள்குறியும் இல்லாமல் உன் சொல் எந்த ஆண்டிலிருந்து வருகிறது என்றும் தேடிப்பார். முதல் தேதி அளவுக்கு அதுவும் முக்கியம்.

செய்தித்தாளை மேற்கோள் காட்டுவது அகராதிக்குக் கௌரவமா என்று கேட்டிருந்தாய். அந்த அகராதியின் முதற்பதிப்பைத் தொகுத்த ஜேம்ஸ் முர்ரேயிடம் ஆக்ஸ்போர்டு பதிப்பகப் பொறுப்பாளர்களும் இதையேதான் கேட்டார்கள். பெரிய எழுத்தாளர்களையே எடுத்தாளச் சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. அவர் செய்ததே சரி. இன்று அந்த அகராதியில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது லண்டன் ‘டைம்ஸ்’. ஷேக்ஸ்பியர் அதற்கு அடுத்துதான். ‘அப்பெண்டிசைடிஸ்’ (குடல்வால் அழற்சி) என்ற சொல் முதற்பதிப்பின் தொடக்கப் பகுதிகளில் இடம்பெறவில்லை, மருத்துவர்களின் சொல் என்பதால். 1902இல் அந்த நோயால் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா தள்ளிப்போனது. பத்திரிகைகள் அச்சொல்லை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தன.

உன் சொல் வந்த பக்கத்தின் படத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. நாளிதழின் தலைப்புப் பட்டையும் தேதியும் படத்தில் தெரியட்டும்.

அன்புடன்,
ராமநாதன்