உப்புவெளியில் குடை பிடித்த தம்பிக்கு

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டபோது, அங்கே வேலை செய்த அம்மம்மாவின் அண்ணன் வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் அம்மம்மா நவம்பர் 11, போர் நினைவு நாளில், உப்புவெளி யுத்தக் கல்லறையில் யாரோ ஒரு மாலுமிக்குப் பூ வைப்பார். அவருக்கு அதுதான் அண்ணனின் திவசம்.

இந்த முறை நல்ல மழை. தம்பி, ஓட்டோவிலேயே இருந்திருக்கலாம் நீங்கள். நாங்கள் கேட்காமலே அம்மம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனீர்கள். உங்கள் மழைக்கோட்டை ஈரப் புல்லில் விரித்து, "இதில இருங்கோ அம்மம்மா" என்றீர்கள். அவர் அழுது முடிக்கும்வரை நனைந்தபடி குடை பிடித்தீர்கள். பிறகு அண்ணனின் பெயரைக் கேட்டீர்களே, அதைத்தான் வீட்டில் எல்லோரிடமும் சொல்கிறார். வெளியாள் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலம்! காத்து நின்றதற்குக் காசும் வாங்கவில்லை.

நிலாவெளி வீதி ஓட்டோக்காரர்கள் யாராவது இதை அவரிடம் காட்டுங்கள். தம்பி, அம்மம்மா உங்களை ஒருநாள் சாப்பிட வரச் சொல்கிறார்.