மார்கழி கச்சேரி போறவங்க கவனத்துக்கு
மக்களே, டிசம்பர் சீசன்னா மியூசிக் அகாடமி டிக்கெட் கிடைக்கலன்னு சோர்ந்து போகாதீங்க, 1928ல ஆரம்பிச்ச சபா (கச்சேரி நடத்துற அமைப்பு) அது, ராத்திரி கச்சேரிக்கு கூட்டம் இருக்கத்தான் செய்யும், ஆனா காலையிலயும் மத்தியானமும் நிறைய சபாக்கள்ல இளம் பாடகர்கள் கச்சேரி இலவசம், நேரா போய் உக்காந்துக்கலாம். என்னைக் கேட்டா மத்தியான ஸ்லாட்தான் பெஸ்ட், கூட்டம் கம்மி, பாடுறவங்க உயிரக் குடுத்துப் பாடுவாங்க, தயவுசெஞ்சு தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மாதிரி தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கிற பகுதி) நடக்கும்போது எழுந்து கேன்டீனுக்கு போகாதீங்க, மிருதங்கம் வாசிக்கிறவருக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

நாடகம் பிடிச்சவங்க எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல ஏதாவது போட்டா கண்டிப்பா போங்க, 1896ல கட்டுனது, வட்டமா உக்கார்ற மாதிரி இருக்கும், மேடை ரொம்ப கிட்ட. நடனமும் சங்கீதமும் சொல்லிக்குடுக்குற திருவான்மியூர் கலாக்ஷேத்ரா பக்கமும் ஒருநாள் போயிட்டு வாங்க. யார் யார் எந்த நாள் வர்றீங்கன்னு இங்கயே போடுங்க, சேர்ந்தே போயிடலாம்.