சூரிய மின் பூங்காவில் ஊருக்கும் பங்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ஆம் ஆண்டு, சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் செயல்படத் தொடங்கியது. மானாவாரி நிலத்தையும் கண்மாயையும் நம்பி வாழும் எங்கள் பகுதியில் இனி வரும் இத்தகைய திட்டங்களுக்கு நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கே எடுக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். கர்நாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகையில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு என்ற ஏற்பாட்டுடன் விவசாயிகளிடமிருந்து பெற்றே சூரிய மின் பூங்காவை அமைத்தார்கள்.

ஆனால் அங்கும் சொந்த நிலமில்லாத கூலித் தொழிலாளர்களுக்குக் குத்தகைப் பணம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்துவந்த களையெடுப்பு, அறுப்பு வேலைகளும் போய்விட்டன. அந்தக் குறை இங்கே நேரக் கூடாது. பராமரிப்பு வேலைகளில் உள்ளூர்ப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் முதலுரிமை தருவதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

கம்பி வேலிக்கு வெளியே ஆட்டுக்கிடையோடு நின்று, பழைய மேய்ச்சல் பாதையைத் தேடிய கீதாரி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சூரிய ஒளித் தகடுகளைச் சற்று உயர்த்தி நிறுவினால், அவற்றின் நிழலில் வளரும் புல்லை ஆடுகள் மேயும். புல் வெட்டும் செலவும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்மாய்களின் வரத்துக்கால்வாய்களை மறிக்காமலும், தகடுகளைத் துடைக்க நிலத்தடி நீரை உறிஞ்சாமலும், நீரின்றித் தூசி அகற்றும் இயந்திரங்களைக் கொண்டே பணி நடப்பதை மாவட்ட நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கமுதி வட்டம்.